கீபோர்டைத் தொடாத மிஸ்

அந்தச் சனிக்கிழமை எங்கள் கொட்டாஞ்சேனைச் சமையலறையின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி ரெஜினா. வெள்ளவத்தையில் எங்களுடைய இரண்டாவது அடுப்பை நடத்தும் செல்வராணி அக்கா. மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் நிஸாம். பிறகு மிஸ். ஆறாவதாக ஒருவரும் இல்லை. மீன்காரர் வந்தார்தான், ஆனால் ரெஜினா அவரை வாசலிலேயே மறித்துக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், திறப்பை, அதாவது கணக்கின் சாவியை, பிரிக்கிற நேரத்தில் அறையில் நிற்பவர்களை எண்ணி, ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, வத்தளையில் போடிங் எடுத்து, ஒரு வாடகை அறையில் இருந்தவர். அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஆனாலும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் படித்த பெண் யாராக இருந்தாலும் மிஸ்தான். நான் மிஸ் என்றதும் மற்றவர்களும் மிஸ் என்றார்கள். செல்வராணி அக்கா மட்டும் “பிள்ளை” என்பார்.

எங்களுடையது பகல் சாப்பாட்டுப் பார்சல் வியாபாரம். துறைமுகத்துக் கிளார்க்குமார், கடைச் சிப்பந்திகள், வெள்ளவத்தைப் பக்கத்து அலுவலகங்கள் என்று எண்பத்தேழு பேர் மாத முற்பணம் கட்டிச் சாப்பிட்டார்கள். அதையெல்லாம் நான் கொப்பியில் எழுதி வைத்தேன். ஒருநாள் ஒரு கிளார்க் இருபது நாளுக்குக் கட்டினேன் என்றார், என் கொப்பி பதினாலு என்றது. என் எழுத்தை நானே நம்பாதவன், விட்டுக்கொடுத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. எண்பத்தேழு பேரும் இப்படி வந்து நின்றால்? அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் வொலட். போனில் இருக்கிற பணப்பை. வாடிக்கையாளர் வங்கியில் போட்ட காசு அவருடைய வொலட்டில் ஏறும். பார்சல் கைக்குப் போனதும் விலை கழியும். மீதி எவ்வளவு என்று அவருக்கே செய்தி போகும். இதற்குக் கம்பனிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு பார்சலிலும் அவர்களுக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும். நாங்களே எங்கள் மெசினில் ஒரு மென்பொருளைப் போட்டால், வொலட் திற, இதில் போடு, இதிலிருந்து எடு என்று நாங்கள் சொல்வதை அது போய்ச் செய்யும் என்று யாரோ சொன்னார்கள். நுகேகொடையில் பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கி, மேசைக்குக் கீழே வைத்தோம். அதுதான் சேர்வர். அதை நிறுவ வந்தவர்தான் மிஸ்.

வந்த முதல்நாள் அரிசி வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார்.

“அண்ணே, நீங்க அடிங்க.”

“நானா மிஸ்? நான் போன்லயே ஒரு விரலாலதான்.”

“ஒரு விரல் போதும். நான் அடிச்சா அது என் சிஸ்டம். நீங்க அடிச்சா ஒங்க சிஸ்டம்.”

நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் கையை எடுக்கவில்லை. கைகளைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். கறுப்புத் திரை. அதில் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வோர் எழுத்தாக நான் அடிக்க வேண்டும். சிறிய கோடு, பெரிய கோடு, புள்ளி. மூன்று மணித்தியாலத்தில் ஏழு வரி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், “இது இப்ப என்னா கேக்குது?” என்பார். நாங்கள் நான்கு பேரில் ஒருவராவது சரியாகச் சொல்லும்வரை என்டரை அழுத்த விடமாட்டார்.

ரெஜினாவுக்குப் பொறுமை போய்விட்டது. “மிஸ், நீங்களே அடிச்சா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடுமே.”

“அஞ்சு நிமிசந்தான்க்கா. அப்புறம் அஞ்சு வருசம் எனக்குப் போன் பண்ணுவீங்க.”

சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்தால் எழுந்து போய்க் கேஸ் சிலிண்டர் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். “செவப்பா வந்தா பயப்படாதீங்க. அது திட்டல. என்னா கொறையுதுன்னு சொல்லுது” என்பார். குறைவதை நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை ஒரு புள்ளியைத் தேடி முக்கால் மணித்தியாலம் போனது. கண்டுபிடித்தது செல்வராணி அக்கா. அன்றிலிருந்து அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் உட்காரத் தொடங்கினார்.

முதல் இரண்டு வொலட்டையும் நிஸாமுக்கும் ரெஜினாவுக்கும் திறந்தோம். நிஸாமின் வொலட்டிலிருந்து ரெஜினாவின் வொலட்டுக்குப் பத்து ரூபா. நான் என்டரை அழுத்தியதுதான் தாமதம்,

“நிஸாம், வயர புடுங்குங்க!” என்றார் மிஸ்.

நிஸாம் சொன்ன சொல் கேட்பவன். பிடுங்கிவிட்டான். திரை செத்தது.

“போச்சு. என்ட பத்து ரூபா போச்சு” என்றான் நிஸாம்.

மறுபடி வயரைச் செருகி, மெசின் மெதுவாக எழும்பி வந்தபோது, பத்து ரூபா நிஸாமிடமே இருந்தது. மிஸ் தலையை ஆட்டினார். “ஒண்ணு இங்க இருக்கணும், இல்லாட்டி அங்க இருக்கணும். நடுவழில நிக்கக்கூடாது.” பிறகு அதையே இன்னும் ஆறு தடவை செய்ய வைத்தார். ஏழாவது தடவை பத்து ரூபா ரெஜினாவிடம் போய்ச் சேர்ந்தது. நிஸாம் அதைக் கேட்டு ஒரு கிழமை ரெஜினாவின் பின்னால் திரிந்தான்.

எதைச் செய்தாலும் அவர் வாயில் ஒரு வசனம் வரும்: “நான் செத்துட்டேன்னு வச்சுக்குங்க. இப்ப என்னா செய்வீங்க?”

ரெஜினா சிலுவை போட்டுக்கொள்வாள். “ஐயோ மிஸ், விளக்கு வைக்கிற நேரம் அப்பிடிக் கதைக்காதீங்க.”

“பிள்ளை, நீர் சாகிறதெண்டால் இந்த மெசினை முடிச்சுப்போட்டுச் சாவும்” என்பார் செல்வராணி அக்கா.

மிஸ் சிரிக்கமாட்டார். பதிலுக்காகக் காத்திருப்பார். நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த வரி.

மற்றவர்களுடைய பொருள் எதையும் அவர் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதும் போகப்போகத் தெரிந்தது. வெள்ளவத்தையில் செல்வராணி அக்காவின் போனில் ஓர்டர் எடுக்கிற பகுதியைப் போட மூன்று நாள் தொடர்ந்து போக வேண்டியிருந்தது. அக்கா சந்தைக்குப் போகிற ஆள், வீட்டுத் திறப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மிஸ் வாங்கவில்லை. அக்கா வரும்வரை படியில், மழைச் சாரலில், குடையோடு நின்றாராம். நிஸாம் ஹெல்மெட்டைப் போடுகிற நேரம் தன் போனை ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னால், “சீட்ல வைங்க” என்பார். எங்கள் கொம்பியூட்டரின் பாஸ்வேர்டை நாங்கள் சத்தமாகச் சொல்லிவிட்டால் உடனே மாற்றச் சொல்வார், தன் காதில் விழுந்துவிட்டதாம். எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. எங்களை நம்பவில்லையோ? அல்லது ஏதாவது வழக்கில் மாட்டிய பெண்ணோ? இல்லாததை எல்லாம் யோசிக்கிற புத்தி எனக்கு.

ஒருநாள் நிஸாம்தான் நேரே கேட்டான். “மிஸ்ஸுக்கு எங்கட சாமான்ல அப்படி என்ன அருவருப்பு?”

அவர் பால் போடாத பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார். முன்பு வேலை செய்த இடத்தில் எல்லாப் பாஸ்வேர்டும் அவர் தலையில்தான் இருந்ததாம். அது அவருக்கு அப்போது பெருமையாகவும் இருந்ததாம். “எங்கப்பா தவறிட்டாரு. மலைக்குப் போயிட்டேன். அப்பாவ குழில எறக்கிக்கிட்டு இருக்காங்க. போன் அடிக்குது. பதினோராவது தடவ. ஒரு பாஸ்வேர்ட் வேணுமாம்.”

“நீங்க என்ன சென்னீங்க?” என்றான் நிஸாம்.

“பாஸ்வேர்ட சொன்னேன்.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “சரி, அடுத்த வரி” என்றார்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் கணக்கின் பிரதியொன்று ஒவ்வொரு மணித்தியாலமும் வாடகைக்கு எடுத்த வெளியிடமொன்றுக்குப் போகும்படி செய்திருந்தோம். ஆனால் பூட்டித்தான் போகும். மெசின் செத்தால் அந்தப் பிரதியை எடுத்து வேறொரு மெசினில் உயிர்ப்பிக்கலாம், திறப்பு இருந்தால். திறப்பு என்பது நாற்பத்தெட்டு எழுத்து. அதைப் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்காக்கி, எங்கள் பில் மெசினில் நான்கு துண்டுகளாக அடித்து, ஆளுக்கொன்று கொடுக்கச் செய்தார். ஒருவர் தனியே காசை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. நான்கு பேரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். தனக்கென்று அவர் ஒன்றும் எடுக்கவில்லை. துண்டு வெளியே வரும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“பில் பேப்பர் மங்கிப் போயிரும். இன்னைக்கே பேனாவால ரெண்டு கொப்பி எழுதி, ரெண்டு எடத்துல வைங்க” என்றார். மூன்று பேரும் எழுதினார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன், சந்தேகம் வந்தது. இது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? எழுதியதைக் கிழித்தேன். வியாழக்கிழமை வரை நான்கு தடவை எழுதி நான்கு தடவை கிழித்தேன். கடைசியில், என் கையை நம்புவதைவிட அசலையே பத்திரப்படுத்துவது மேல் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் ஒன்றுதான். முடுக்கில் இருந்த, தாள்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டித் தருகிற கொம்யூனிகேஷன் கடைக்குப் போனேன்.

“மல்லி, மேக்க லெமினேட் கரன்ன புளுவன்த?” தம்பி, இதை லெமினேட் செய்யலாமா என்று நான் சிங்களத்தில் கேட்டதற்கு, கடைக்காரத் தம்பி துண்டைப் பார்க்காமலே, “புளுவன் அங்கிள்” என்றான்.

பில் பேப்பரில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற தாள் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? லெமினேட் மெசினுக்குள்ளே வெள்ளையாகப் போனது, மறுபக்கம் கரியாக வந்தது. தம்பி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காசு வேண்டாம் என்றான்.

பத்து நாள் நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கணக்குக் கொப்பியில் எழுதுவதை எப்போதோ நிறுத்தியாயிற்று. எண்பத்தேழு பேருடைய சாப்பாட்டுக் காசும் மேசைக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு பழைய மெசினுக்குள் மட்டும்தான். அது இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். மழை இருட்டினால் வயரைப் பிடுங்கலாமா என்று யோசிப்பேன், பிடுங்கினால் எழும்பாதோ என்றும் யோசிப்பேன். மேசைக்குக் கீழே ரெஜினா விளக்குமாற்றை விட்டால் கத்துவேன். “உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?” என்று அவள் கேட்டாள். வாயு என்றேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பார்சல் இல்லாத நாள். பூசை முடிந்து நாங்கள் வரும்போதே மிஸ், நிஸாமையும் செல்வராணி அக்காவையும் வரச்சொல்லி, வாசலில் நின்றார்.

“இன்னைக்கு மெசின சாகடிக்கிறோம். உள்ள இருக்கிறத முழுசா அழிச்சுட்டு நீங்களே திரும்ப எழுப்பணும். மொதல்ல நாலு துண்டும் மேசைக்கு வரட்டும்.”

நிஸாம் ஹெல்மெட்டின் உள்துணியைப் பிரித்து எடுத்தான். செல்வராணி அக்கா கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்தார். ரெஜினா செபப் புத்தகத்தின் பின் அட்டையிலிருந்து. எல்லாம் பேனாவால் எழுதிய தாள்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. வீட்டில் மறந்துவிட்டேன், அடுத்த கிழமை கொண்டுவருகிறேன் என்று. வாயும் திறந்துவிட்டேன். மிஸ் வாளியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து, என் பதிலுக்குக் காத்திருந்தார். அப்படி ஒருவர் காத்திருக்கும்போது பொய் வராது. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தேன். பளபளவென்று, ஓரம் எல்லாம் அழகாக வெட்டிய, கன்னங்கரிய ஒரு அட்டை.

செல்வராணி அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதென்ன, ஆரின்ரையோ எக்ஸ்ரேயோ?”

“லெமினேட் பண்ணிட்டாரு!” ரெஜினா தலையில் கை வைத்தாள். “என்னையும் பிள்ளைகளையும் தவிர வீட்டுல இருக்கிற அத்தனையையும் லெமினேட் பண்ணி வச்சிருக்காரு மிஸ் இந்த மனுசன்!”

நிஸாம் சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை.

“எப்ப?”

“பத்து நாளாச்சு மிஸ்.”

“பத்து நாளா எண்பத்தேழு பேர் சல்லி ஒரு பழைய மெசின்ல தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லல.”

“பயந்துட்டன் மிஸ்.”

“பயப்படுங்க. வேணாங்கல. பயந்தத வாயால சொல்லிட்டுப் பயப்படுங்கண்ணே.”

அவ்வளவுதான் ஏச்சு. மெசின் உயிரோடு இருக்கும்வரை புதிய திறப்புப் போட வழியுண்டு, செத்த பிறகுதான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். “மொதல்ல இருந்து செய்வோம். ரெண்டு மணி பஸ்ஸ விட்டுர்றேன்.” பழைய மூன்று துண்டையும் அடுப்பில் போட்டோம். புதிய நாற்பத்தெட்டு எழுத்து. எண்பத்தேழு வொலட்டையும் புதிய பூட்டுக்கு மாற்றி, ஒவ்வொருவருடைய மீதியையும் செல்வராணி அக்கா வாசிக்க, ரெஜினா சரிபார்த்தாள். ஒருவர்கூடத் தப்பவில்லை. பிறகு என் பங்கு வந்தது.

“எழுதுங்க.”

“மிஸ், எனக்கு எழுத வராது. சின்ன எழுத்து, பெரிய எழுத்து எல்லாம் மாறிப்போகும். வேற யாருக்காவது குடுங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். நான் பார்சலில் அடையாளம் போடுகிற கறுப்பு மார்க்கர் ஜன்னலில் கிடந்தது. மீனுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று, காரம் குறைவுக்கு ஒரு புள்ளி.

“கைக்காசுக்கு வாங்குறவங்களையும் சேத்து தினம் நூத்திப் பத்து பார்சல் மேல எழுதுறீங்க. என்னைக்காவது சைவக்காரருக்கு மீன் போயிருக்கா?”

“ஒருநாளும் இல்ல” என்று எனக்கு முன்னால் நிஸாம் சொன்னான்.

“அப்ப எழுத வரும். பேனாதான் வராது.”

பார்சல் சுற்றுகிற தாளை விரித்து, பன்னிரண்டு கட்டம் மடித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மார்க்கரால் எழுதினேன். உள்ளங்கை அளவு எழுத்து. சின்ன எழுத்துக்குக் கீழே, காரம் குறைவுக்குப் போடுவதுபோல ஒரு புள்ளி வைத்தேன். அது என் சொந்த யோசனை. வேறொரு தாளில் இன்னொரு பிரதி. எழுதியதை ரெஜினா வாசித்து அடிக்க, மெசின் ஒத்துக்கொண்டது. மிஸ் சுவரைப் பார்த்தபடியே, “ஏத்துக்கிச்சா?” என்றார்.

அதன் பிறகு மெசினை அழித்தோம். நான்தான் என்டரை அழுத்தினேன். ஒன்றுமில்லாத கறுப்புத் திரை. ஊர் முழுக்கச் சாப்பாட்டுக்குக் கட்டிய காசு அதற்குள் இல்லை. “நான் செத்துட்டேன்” என்றார் மிஸ். சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் எங்கள் கறிவேப்பிலை மரத்தடியில் நின்றுகொண்டார். கூப்பிட்டாலும் திரும்பவில்லை. இரண்டு தடவை சிவப்பு வந்தது. குறைவது என்ன என்று நாங்களே பார்த்தோம். நான்கு துண்டும் அடித்து முடிய, திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. எண்பத்தேழு. செல்வராணி அக்கா விரல் வைத்து எண்ணினார். நிஸாம் முற்றத்துக்கு ஓடி, “மிஸ், எழும்பி வாங்க, எல்லாரும் ஈக்கிறாங்க!” என்று கத்தினான். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

கூலியை நான் கவரில் போட்டு வைத்திருந்தேன். பிரித்து, சரியாகப் பாதியை எடுத்து மீதியை மேசையில் வைத்தார்.

“மத்தது, நான் இல்லாம உண்மையா ஒரு தடவ எழுப்பின பெறகு. இன்னைக்கு நான் முத்தத்துல நின்னேன். அது கணக்கில்ல.”

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கரண்ட் போய், வந்து, பளீரென்று ஒருமுறை மின்னிவிட்டு மறுபடி போனது. மேசைக்குக் கீழே கருகிய மணம். நேரம் பத்தே கால். அன்றைய ஓர்டர், யாருக்கு எத்தனை, யார் காசு எவ்வளவு, எல்லாம் அதற்குள். ரெஜினாவிடம், “எனக்குப் பயமா இருக்கு” என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு போனை எடுத்து நிஸாமைக் கூப்பிட்டேன். செல்வராணி அக்கா வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, துண்டுகளை விரித்து, ஒரு விரலால் அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் செல்வராணி அக்கா, “இது இப்ப என்ன கேக்குது?” என்றார். ஒருவர் பதில் சொன்ன பிறகே என்டர். பதினொன்று ஐம்பதுக்கு எண்பத்தேழு பெயரும் வந்தன. பன்னிரண்டு ஐந்துக்கு நிஸாமின் மோட்டார் சைக்கிள் முடுக்கைத் தாண்டியது. அலுவலகங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரேயொரு குறை வந்தது, சம்பலில் உப்புக் கூட என்று.

அன்றைக்கே மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. நிஸாம் வத்தளைக்குப் போய் விசாரித்தான். போடிங்கார அம்மா, அவர் நான்கு மாதம் முன்னே அறையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை, அறையில் ஓர் ஊசிகூட மிச்சம் வைக்கவில்லை என்றாராம். ரெஜினா ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறாள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஏற்றுகிற பக்கத்தில்தான்.

நான் எண்பத்தெட்டாவதாக ஒரு வொலட் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மிஸ் என்று மட்டும் அடித்து, அவர் விட்டுப்போன பாதியை அதில் போட்டேன். பிறகு மெசின் இரண்டு மாறிவிட்டது, இரண்டு தடவையும் நாங்களே எழுப்பினோம். எழும்பியதும் பட்டியலின் அடிக்குப் போய் முதலில் நான் பார்ப்பது அந்த வரியைத்தான். இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன். கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கிறது: முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.